தாய் தரும் முதற் கவசம்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

கருவுற்ற தாயின் உடலில் உண்டாகும் நோய் எதிர்ப்புப் புரதங்களைப் பற்றி இன்று பேசப்போவதாக அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தோம். மருத்துவர் பேச வேண்டியதை இமாம் ஏன் பேசுகிறார் என்று சிலர் வினவினார்கள். நியாயமான வினாதான். குழந்தை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்ல என்னை அழைக்கிறீர்கள். அதே குழந்தை சில நாள்களில் இறந்துவிட்டால் ஜனாஸாத் தொழுகை நடத்தவும் என்னையே அழைக்கிறீர்கள். அந்த இரண்டு அழைப்புகளுக்கும் நடுவே தவிர்த்திருக்கக் கூடிய மரணம் ஒன்று நிகழுமானால், அதைப் பற்றி வாய் திறக்க வேண்டிய கடமை எனக்கும் உண்டு. நான் மருத்துவம் கற்றவன் அல்லன். மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் தெளிந்தவற்றையே உங்கள் முன் வைக்கிறேன். அவரவர் உடல்நிலைக்கு உரிய ஆலோசனையை மருத்துவரிடமே பெற வேண்டும்.

இரு நிறம், ஒரு கோர்வை

நம் உடலில் புரதங்கள் பல்லாயிரம் உள்ளன. அவற்றுள் ஒரு வகை, வெளியிலிருந்து நுழையும் கிருமியையும் நஞ்சையும் அடையாளங்கண்டு பற்றிப் பிடிக்கின்றது. அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். ஆன்டிபாடி என்று மருத்துவமனைகளில் சொல்வார்கள். ஒருமுறை வந்துபோன கிருமியை உடல் நினைவில் வைத்திருந்து, அது மறுமுறை வரும்போது விரைந்து தாக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு வியப்பு எழுகிறது. தாயின் வயிற்றில் வளரும் சிசு முழுமையாகத் தாயின் உடலைச் சார்ந்தது அன்று. அதன் பாதி தந்தையிடமிருந்து வந்தது. வேறொருவரின் சிறுநீரகத்தை நம் உடலில் பொருத்தினால், மருந்து கொடுத்துத் தடுக்காவிடில், நம் உடல் அதை அயலானெனக் கண்டு அழித்துவிடும். அங்ஙனமிருக்க, ஏறக்குறைய 40 வாரங்கள் ஒரு சிசுவைத் தாயின் உடல் எப்படித் தாங்குகிறது? இவ்வினாவை 1953ஆம் ஆண்டில் பீட்டர் மெடவார் என்னும் ஆங்கிலேய அறிஞர் எழுப்பினார். உறுப்பு மாற்றத்திற்கு வழிகோலிய ஆய்வுக்காக 1960இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவர் கேட்ட வினாவுக்கான விடை இன்றளவும் முற்றுப்பெறவில்லை. எனினும் ஒரு பகுதி விளங்கியிருக்கிறது. நஞ்சுக்கொடியிலிருந்து புறப்பட்டுத் தாயின் கருப்பைச் சுவருக்குள் ஊன்றும் உயிரணுக்கள், எச்.எல்.ஏ.-ஜி என்னும் தனிப் புரதத்தைத் தம் மேல் தாங்கி நிற்கின்றன. தாயின் காவல் அணுக்கள் அதைக் கண்டு அமைதி கொள்கின்றன.

நம் ஊர் நெசவாளர்களுக்கு இதை விளக்க நெடுநேரம் வேண்டியதில்லை. காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வைதான். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். தனித்தனி நாடாக்களில் ஓடிவரும் ஊடை இழைகள் எல்லையில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரும்புகின்றன. பிடிப்பு உறுதியாக இருக்கும். ஆயினும் நிறம் நிறத்தோடு கலப்பதில்லை. நஞ்சுக்கொடியில் தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் மிக அருகருகே ஓடுவதும் ஏறக்குறைய இப்படித்தான். உணவும் உயிர்க்காற்றும் கடந்து செல்லும். இரத்தம் மட்டும் தன் எல்லைக்குள் நிற்கும். இக்கோர்வையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

குன்றிமணியும் சுண்டெலியும்

தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் எதிர்ப்பாற்றல் செல்கிறது என்பதைச் சோதனையால் நிறுவியவர், ஜெர்மனி நாட்டுப் பால் எர்லிக் என்னும் மருத்துவ அறிஞர். ஆண்டு 1892. அவர் பயன்படுத்திய பொருள்கள் நமக்கு நன்கு அறிமுகமானவை. ஒன்று ஆமணக்கு விதையின் நஞ்சு. மற்றொன்று நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுப்பதற்குத் தராசில் இட்ட குன்றிமணியின் நஞ்சு. பார்க்க அழகான அந்தச் செம்மணிக்குள் உயிரைப் போக்கும் புரதம் ஒன்று இருக்கிறது.

அந்த நஞ்சைச் சுண்டெலிகளுக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கிச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்தார் எர்லிக். காலப்போக்கில், பிற எலிகளைக் கொல்லும் அளவு நஞ்சையும் அவை தாங்கிக்கொண்டன. பிறகு அவற்றின் குட்டிகளைச் சோதித்தார். தாய் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தால் குட்டிகளும் சில வாரங்கள் நஞ்சைத் தாங்கின. தந்தை மட்டும் பெற்றிருந்தால் குட்டிகளுக்கு அது வரவேயில்லை. அடுத்து அவர் செய்ததுதான் நம் சிந்தனைக்குரியது. எதிர்ப்பாற்றல் இல்லாத தாய் ஈன்ற குட்டிகளை எடுத்து, எதிர்ப்பாற்றல் பெற்ற வேறொரு தாயிடம் பால் குடிக்க விட்டார். பெறாத அந்தத் தாயின் பாலால் அக்குட்டிகள் பாதுகாப்புப் பெற்றன. எர்லிக்கிற்கு நோய் எதிர்ப்பியல் பணிக்காக 1908இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதைக் கேட்டதும் ஹலீமா ஸஅதிய்யா (ரலி) அவர்களின் நினைவு உங்களுக்கு வந்திருக்கும். பாலூட்டியவளைத் தாயென்றும், அவள் பிள்ளைகளை உடன்பிறப்புகளென்றும் கொள்ளும் சட்டம் நம் ஷரீஅத்தில் உண்டு. எலிச் சோதனையைக் காட்டி அச்சட்டத்திற்கு ஆதாரம் தேடும் எண்ணம் எனக்கில்லை. அது இறைக்கட்டளை என்ற அளவிலேயே நமக்குப் போதுமானது. பால் என்பது வெறும் உணவு என்று எண்ணியிருந்த உலகத்திற்கு, அதில் உணவைத் தவிர வேறொன்றும் இருக்கிறது என்பதை இச்சோதனை காட்டியது. அதுவரை போதும்.

மூன்று வகைப் புரதங்கள்

எதிர்ப்பொருள்களுக்கு மருத்துவ நூல்களில் இம்யூனோகுளோபுலின் என்று பெயர். அவற்றுள் மூன்று வகைகளை இன்று அறிந்துகொண்டால் போதுமானது.

முதலாவது எம் வகை. புதிய கிருமி வந்ததும் முதலில் தோன்றுவது இதுவே. உருவில் மிகப் பெரியதாகையால் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் செல்லாது.

இரண்டாவது ஜி வகை. இது சிறியது. எனினும் தானாகக் கசிந்து போவதில்லை. நஞ்சுக்கொடியில் இதற்கென்றே அமைந்த ஒரு புரதம் இதைத் தாயின் பக்கத்தில் பற்றிச் சேயின் பக்கத்தில் கொண்டுபோய் விடுகின்றது. கர்ப்பத்தின் நான்காம் மாதவாக்கில் தொடங்கும் இப்பணி, கடைசி மூன்று மாதங்களில் மிக வேகமடைகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் இரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் தாயின் அளவிற்கு இருக்கும். பெரும்பாலும் தாயினும் கூடுதலாகவே இருக்கும். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு இக்கடைசி வாரங்களின் பங்கு கிடைப்பதில்லை. அத்தகைய குழந்தைகள் தொற்றுநோய்க்கு எளிதில் இரையாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது ஏ வகை. இது தாய்ப்பாலில் வருவது. இதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தாய் கொடுத்த ஜி வகை எதிர்ப்பொருள் குழந்தையிடம் நிலைத்து நிற்பதில்லை. ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, ஆறு மாதமளவில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதற்குள் குழந்தையின் உடல் தன் சொந்த எதிர்ப்பொருளை உண்டாக்கப் பழக வேண்டும். பிறந்த 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி போடச் சொல்வது இதன்பொருட்டே. தட்டம்மை ஊசியை மட்டும் 9 மாதம் நிறைந்த பிறகு போடுகிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் மிஞ்சியிருந்தால் ஊசி மருந்தை அது அழித்துவிடும் என்பதால், அது குறையும்வரை காத்திருக்கிறார்கள். ஊசிப் பட்டியலை விளங்காமல் அலட்சியம் செய்வோர், அந்நாள்களுக்குப் பின்னே இத்தகைய கணக்கு இருப்பதை உணர வேண்டும்.

ரண ஜன்னி நீங்கிய வரலாறு

மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒரு கிருமி, அழுக்கான கத்தியாலோ பிளேடாலோ அறுத்த தொப்புள்கொடி வழியே குழந்தைக்குள் புகும். பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, பிறகு வாய் திறக்க இயலாமல் தாடை இறுகி, உடல் வில்லாக வளைந்து இறந்துபோகும். டெட்டனஸ் எனப்படும் ரண ஜன்னி இதுவே. ஜின் பிடித்தது, காற்றுக் கருப்பு அடித்தது என்றெல்லாம் சொல்லி அழுத தாய்மார்கள் எத்தனையோ பேர். 1980களில் நம் இந்திய நாட்டில் மட்டும் ஆண்டொன்றுக்கு 1,50,000 முதல் 2,00,000 குழந்தைகள் வரை இந்நோய்க்கு ஆளானதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

இதை வென்றது எப்படி? குழந்தை பிறந்த பிறகு ஊசி போட்டு அதனிடம் எதிர்ப்பொருள் உண்டாகும்வரை காத்திருக்க நேரமில்லை. ஆகவே தாய்க்கு ஊசி போட்டார்கள். தாயின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்க, நஞ்சுக்கொடி அதைச் சேயிடம் கொண்டு சேர்த்தது. கர்ப்பம் உறுதியானதும் ஓர் ஊசி, 4 வாரம் கழித்து மற்றோர் ஊசி. மூன்றாண்டுக்குள் மீண்டும் கருவுற்றால் ஒரே ஓர் ஊசி. இதனோடு மருத்துவமனைப் பிரசவமும், தூய்மையான முறையில் கொடி அறுப்பதும் சேர்ந்தன. 2015ஆம் ஆண்டில், தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒன்றுக்கும் குறைவாகவே இந்நோய் காண வேண்டும் என்பது அதற்குரிய அளவுகோல். கிருமி மண்ணில் இன்றும் இருக்கிறது. ஆகையால் ஊசியை நிறுத்துவதற்கில்லை. இப்போது தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் இதனுடன் சேர்த்தே போடப்படுகிறது.

இவ்வூசியைக் கருத்தடை ஊசி என்று சொல்லி நம் மக்களை மிரட்டும் வதந்தி வேறு சில நாடுகளிலும் பரவியதுண்டு. தில்லியிலுள்ள தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் டாக்டர் ஜி.பி. தல்வார் அவர்களின் தலைமையில் கருத்தடைக்கென ஒரு தடுப்பூசி ஆராயப்பட்டதும், அதன் முடிவு 1994இல் வெளியானதும் உண்மை. அது தனியான ஆராய்ச்சி. கர்ப்பிணிகளுக்குச் சுகாதார நிலையத்தில் போடப்படும் ஊசி வேறு. நம் ஊரில் இவ்வூசி போட்டுக்கொண்ட தாய்மார்கள் அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றிருப்பதே வதந்திக்குப் போதிய மறுமொழி.

காக்கும் கை தாக்கும்போது

இனி நான் சொல்லவிருப்பதுதான் இவ்வுரையின் முதன்மையான பகுதி. ஆண்கள் சற்றுக் கூடுதல் கவனத்துடன் கேட்க வேண்டுகிறேன்.

முதல் குழந்தை நலமாகப் பிறக்கும். இரண்டாவது குழந்தை பிறந்த அன்றே கடும் மஞ்சள் காமாலையோடு வாடும். மூன்றாவது வயிற்றிலேயே நீர் கோத்து இறந்துவிடும். இப்படி நேர்ந்த வீட்டில் என்ன பேசுகிறோம்? மருமகள் ராசியில்லாதவள் என்கிறோம். கண்ணேறு என்கிறோம். தாயத்து எழுதித் தருமாறு என்னைப் போன்றவர்களிடம் வருகிறோம். சில இடங்களில் தலாக் வரை பேச்சு வளர்கிறது. அவளுடைய இரத்தப் பிரிவு என்ன என்று கேட்பவர் எத்தனை பேர்?

1939ஆம் ஆண்டில் நியூயார்க்கில் குழந்தை இறந்து பிறந்த ஒரு பெண்ணுக்கு அவளுடைய கணவரின் இரத்தத்தை ஏற்றியபோது அவளுடல் அதை ஏற்காமல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. லெவின், ஸ்டெட்சன் என்னும் இரு மருத்துவர்கள் அதை ஆராய்ந்து எழுதினார்கள். அடுத்த ஆண்டே லேண்ட்ஸ்டெய்னரும் வீனரும் ஆர்.எச். என்னும் இரத்தக் கூற்றைக் கண்டறிந்தனர். சிவப்பணுவின் மேல் டி என்னும் புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லையேல் நெகட்டிவ். நம் நாட்டில் நூற்றில் ஏறக்குறைய 5 பேர் நெகட்டிவ் பிரிவினர்.

தாய் நெகட்டிவாகவும் தந்தை பாசிட்டிவாகவும் இருந்தால் குழந்தை பாசிட்டிவாக இருக்கக்கூடும். கோர்வையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பிரசவத்தின்போது நஞ்சுக்கொடி பிரிகையில் அக்கோர்வை அவிழ்ந்து, சேயின் இரத்தம் சிறிதளவு தாயின் இரத்தத்தில் கலந்துவிடும். தாயின் உடல் அந்த டி புரதத்தை அயலானெனக் கண்டு எதிர்ப்பொருள் செய்யத் தொடங்கும். முதல் குழந்தை அதற்குள் பிறந்துவிட்டமையால் தப்பிவிடும். அடுத்த குழந்தையும் பாசிட்டிவாக இருப்பின், ரண ஜன்னியிலிருந்து காப்பதற்காகக் கடந்து சென்ற அதே ஜி வகை எதிர்ப்பொருள், இப்போது குழந்தையின் சிவப்பணுக்களை அழிப்பதற்காகக் கடந்து செல்லும். சோகை, காமாலை, உடல் வீக்கம், மரணம் என்று அது முடியக்கூடும்.

இதில் அந்தப் பெண் செய்த குற்றம் என்ன? கணவன் செய்த குற்றம்தான் என்ன? இருவரையும் அவ்வாறு படைத்தவன் இறைவன். படைத்தவனே அதற்கான பரிகாரத்தையும் மனிதனுக்குக் காட்டித் தந்தான். அமெரிக்காவிலும் இங்கிலாந்தின் லிவர்பூலிலும் 1960களில் நடந்த ஆய்வுகளின் பயனாக ஆன்டி-டி என்னும் ஊசி 1968இல் பயன்பாட்டுக்கு வந்தது. குழந்தையின் அணுக்கள் தாயின் இரத்தத்தில் கலந்த உடனே, தாயின் உடல் அவற்றை அறிந்து விழித்துக்கொள்வதற்கு முன்பாகவே, இந்த ஊசியிலுள்ள எதிர்ப்பொருள் அவற்றை அகற்றிவிடும். பிரசவமான 72 மணி நேரத்திற்குள் இதைப் போட வேண்டும். கர்ப்பத்தின் 28ஆம் வாரத்தில் ஒருமுறை போடுவதும் வழக்கம். கரு கலைந்தாலும், கர்ப்பத்தில் இரத்தம் கசிந்தாலும், வயிற்றில் அடிபட்டாலும் மருத்துவரிடம் நெகட்டிவ் என்பதைச் சொல்லி இந்த ஊசியைக் கேட்க வேண்டும். கரு கலைந்ததுதானே என்று வீட்டிலேயே இருந்துவிடும் இடத்தில்தான் அடுத்த குழந்தையின் ஆபத்து விதைக்கப்படுகிறது. தாயின் உடல் ஒருமுறை விழித்துக்கொண்டபின் இந்த ஊசியால் பயனில்லை. அதன்பிறகு சிறப்பு மருத்துவமனையின் கண்காணிப்பு வேண்டும். அவள் விழித்துக்கொண்டாளா என்பதைக் கூம்ப்ஸ் சோதனை என்னும் இரத்தச் சோதனை காட்டிவிடும்.

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்றொருவர் இருந்தார். 14 வயதில் பெரும் அறுவைச் சிகிச்சையின்போது பிறர் தந்த இரத்தத்தால் உயிர் பிழைத்தவர். அந்நன்றிக்காக 18 வயது முதல் 81 வயது வரை 1,173 முறை இரத்தமும் அதன் நீர்மமும் கொடுத்தார். அவருடைய இரத்தத்தில் இந்த ஆன்டி-டி எதிர்ப்பொருள் மிகுந்திருந்தது. அவர் கொடுத்ததிலிருந்து செய்யப்பட்ட ஊசிகளால் சுமார் 24 லட்சம் குழந்தைகள் பயனடைந்ததாக அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் கூறுகிறது. 2025 பிப்ரவரியில் தமது 88ஆம் வயதில் அவர் காலமானார். ஓர் உயிரை வாழவைத்தவரின் சிறப்பைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். இவரோ ஊசிக்கு அஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டே அறுபதாண்டுகளுக்கு மேல் கையை நீட்டினார்.

மனித இரத்தத்திலிருந்து செய்யும் ஊசி ஆகுமா என்று கேட்பீர்கள். இரத்தத்தை விற்பது கூடாது. உயிர் காக்கும் தேவைக்காக அதைத் தானமாகக் கொடுப்பதையும் ஏற்பதையும் நம் காலத்து மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதித்திருக்கிறார்கள். அவ்வனுமதியில் இதுவும் அடங்கும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். இவ்விவரம் கேட்டுவிட்டு, நெகட்டிவ் பெண் வேண்டாம் என்று சம்பந்தம் பேசுமிடத்தில் எவரும் சொல்லிவிடாதீர்கள். ஓர் ஊசியால் தீரும் காரியத்திற்காக ஒரு பெண்ணை ஒதுக்குவது அநீதி. அறிந்துகொள்ளச் சொன்னது காப்பதற்காகவே.

பிரசவ வேளையின் அழைப்பு

பிரசவத்தைத் தொடங்கி வைப்பதிலும் எதிர்ப்பு மண்டலப் புரதங்களுக்குப் பங்குண்டு. உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சிறு புரதங்களுக்குச் சைட்டோகைன் என்று பெயர். இத்தனை மாதமும் அமைதி காத்த கருப்பையில், நாள் நெருங்கியதும் இன்டர்லூகின் எனப்படும் சில சைட்டோகைன்கள் பெருகுகின்றன. அவற்றின் அழைப்பை ஏற்று வெள்ளணுக்கள் கருப்பையின் வாயில் குவிகின்றன. இறுகியிருந்த அவ்வாய் இளகுகிறது; வலி எழுகிறது.

கருப்பையிலோ சிறுநீர்ப்பாதையிலோ தொற்று இருந்தால், இதே அழைப்பு காலத்திற்கு முன்பே ஒலித்துவிடக்கூடும். அப்போது குழந்தை குறைமாதத்தில் பிறக்கிறது. கடைசி வாரங்களில் பெற வேண்டிய எதிர்ப்பொருளையும் இழக்கிறது. இழை சுற்றுவதிலும் தறிவேலையிலும் ஆழ்ந்து தண்ணீர் குடிக்க மறக்கும் கர்ப்பிணிகளும், கழிப்பிட வசதிக்குறைவால் சிறுநீரை அடக்கும் பெண்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். நீர்க்கடுப்பு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு ஆகியவற்றைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். மாமியார்மார்கள் கேட்டறிய வேண்டும். கணவன்மார்கள் அழைத்துச் செல்ல வேண்டும்.

சீம்பாலும் தஹ்னீக்கும்

பிரசவமானதும் முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி எறியும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஏ வகை எதிர்ப்பொருள் மிகுந்திருப்பது அந்தப் பாலில்தான். அது குழந்தையின் இரத்தத்தில் கலப்பதைவிடக் குடலின் உட்சுவரில் படிந்து நின்று, கிருமி உள்ளே இறங்காதவாறு காவல் செய்கிறது. மற்றோர் உண்மை இதனினும் வியப்பானது. தாயின் குடல் எந்தக் கிருமிகளைச் சந்தித்ததோ அவற்றிற்குரிய எதிர்ப்பொருளே பாலில் வந்து சேர்கிறது. அதாவது, அந்த வீட்டில், அந்தத் தெருத் தண்ணீரில் உள்ள கிருமிக்கென்றே அமைந்த மருந்து அவள் பாலில் இருக்கிறது. எந்த மாவு டப்பாவிலும் இதை அடைத்து விற்க இயலாது.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும் என்கிறார்கள். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் நூற்றில் 42 குழந்தைகளுக்கே அது வாய்த்திருக்கிறது. எஞ்சிய குழந்தைகளில் சிலரின் நாவில் முதலில் படுவது சர்க்கரைத் தண்ணீரோ, தெருவில் விற்கும் கழுதைப் பாலோ, தேனோதான்.

இங்கே தஹ்னீக் பற்றிய வினா எழும். பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் அண்ணத்தில் தடவுவது நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறை; அதில் எனக்கோ உங்களுக்கோ ஐயமில்லை. ஆயினும் அது ஃபர்ளு அன்று, ஸுன்னத். தீங்கைத் தவிர்ப்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. சளி, காய்ச்சல், காசநோய், வாய்ப்புண் உள்ளவர் மென்று கொடுக்கலாகாது. குறைமாதக் குழந்தைக்கும், தீவிரச் சிகிச்சையிலுள்ள குழந்தைக்கும் மருத்துவர் அனுமதியின்றிச் செய்யலாகாது. ஆரோக்கியமான குழந்தைக்குச் செய்வதாயினும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மிகச் சிறிதளவே தடவுங்கள். ஹஜ்ரத் வரட்டும், பாட்டனார் வரட்டும் என்று பாலை நிறுத்தி வைக்காதீர்கள். நான் வந்து சேரும்வரை ஒரு குழந்தை பசித்திருக்க வேண்டியதில்லை. தேனை ஒரு வயது நிறையும்வரை கொடுக்கவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பெரியவர்களுக்குத் தீங்கு செய்யாவிடினும், கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கக்கூடும்.

அல்-பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், இரண்டாண்டுக் காலம் பாலூட்டுவதைப் பற்றிப் பேசுகிறது. அதை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். அதே வசனம் பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பில் வைக்கிறது. பிள்ளையின் பொருட்டுத் தாயைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. இப்பகுதியை எடுத்துச் சொல்வது குறைவு. எர்லிக்கின் சோதனையில் தந்தையிடமிருந்து குட்டிக்கு எதிர்ப்பாற்றல் எதுவும் செல்லவில்லை என்று பார்த்தோம். தந்தை தன் பிள்ளைக்குக் கவசம் தர விரும்பினால் அதற்குரிய வழி, பிள்ளையின் தாயைப் பேணுவதே.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு வீட்டிலும் பெண்மக்களின் இரத்தப் பிரிவை எழுதி வையுங்கள்.

இரண்டாவதாக, கருவுற்றது தெரிந்ததும் நகர்ப்புறச் சுகாதார நிலையத்தில் பதிவு செய்து பிக்மி எண் பெறுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அது தேவைப்படும். இரத்தம், சிறுநீர்ச் சோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

மூன்றாவதாக, நெகட்டிவ் பிரிவுத் தாய் பிரசவத்திற்குச் செல்லும்போது, ஆன்டி-டி ஊசி அங்கு இருக்கிறதா என்று முன்னதாகவே கேட்டறியுங்கள். பிரசவமானபின் ஊசி தேடி ஓடினால் 72 மணி நேரம் போதாமற் போகலாம்.

நான்காவதாக, நம் ஜமாஅத் இளைஞர்களின் இரத்தக் கொடையாளர் பட்டியல் ஒன்று பள்ளிவாசல் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். நெகட்டிவ் பிரிவினரைத் தனியே குறித்து வையுங்கள். மதம் பாராமல் இவ்வூரில் யார் கேட்டாலும் அது பயன்படட்டும்.

ஐந்தாவதாக, குழந்தையை இழந்த பெண்ணைப் பற்றி ராசி, சகுனம் என்று பேசும் நாவை அடக்குங்கள். அவ்வாறு பேசக் கேட்டால், இரத்தப் பிரிவு பார்த்தீர்களா என்று திருப்பிக் கேளுங்கள். தாயத்து கேட்டு என்னிடம் வருபவர்களையும் இனி அவ்வாறே கேட்பேன். துஆவும் செய்வேன், மருத்துவமனைக்கும் அனுப்புவேன்.

வல்ல ரஹ்மான் நம் தாய்மார்களின் பிரசவங்களை இலேசாக்குவானாக! நம் மழலைகளை நோயினின்றும் காப்பானாக! குழந்தையை இழந்து வாடும் பெற்றோருக்கு அழகிய பொறுமையையும் அதற்கு ஈடான நற்பேற்றையும் அருள்வானாக! அறிந்ததைச் செயலாக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.